சிசிஎன்ஏவுக்கு வீட்டிலேயே ஒரு லேப்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். சின்னவள் பிளஸ் டூ. வீட்டில் டிவிக்கு ஓய்வு.

இந்த வயதில் சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏ எழுத உட்கார்ந்திருக்கிறாயே, அதற்கே ஒரு சபாஷ். ஆனால் மூன்று ரூட்டர், மூன்று சுவிட்ச், ஒரு ரேக் என்று நீ போட்டிருக்கும் பட்டியல் வேண்டாம்டா. தேர்வுக் கட்டணமே 300 டாலர், அதற்கு மேல் வரி. பணத்தை அதற்கு வை.

முதலில் பாக்கெட் ட்ரேசரை இறக்கிக்கொள், ரூட்டரும் சுவிட்சும் திரையிலேயே ஓடுகிற சாஃப்ட்வேர் அது. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசம், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். ஓஎஸ்பிஎஃப் (வழி கண்டுபிடிப்பது), ஏசிஎல் (யாரை விடலாம் என்ற விதிகள்), நாட் (முகவரி மாற்றுவது) எல்லாம் அதிலேயே போட்டுப் பார்க்கலாம். அது சிஸ்கோ பெட்டிகளில் ஓடும் அசல் ஐஓஎஸ் (அவற்றின் ஆபரேட்டிங் சிஸ்டம், ஐபோனுடையது இல்லை) அல்ல, பாவனைதான்; சில கமாண்டுகளைத் தெரியாது என்று சொல்லிவிடும். அசல் வேண்டுமென்றால் சிஸ்கோவின் சிஎம்எல் என்ற லேப் சாஃப்ட்வேருக்கு இலவசப் பதிப்பு வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் 5 கருவிகள் வரை ஓட்டலாம். ஆனால் அதற்கு ரேம் தாராளமாக வேண்டும்.

அதனால் ரூட்டருக்குக் காசு கொடுக்காதே. ரூட்டிங் டேபிள், அதாவது ரூட்டரின் வழிப் பட்டியல், திரையில் பார்த்தாலும் பெட்டியில் பார்த்தாலும் ஒன்றுதான். வாங்குவதென்றால் சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச் இரண்டு வாங்கு. 8 போர்ட் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் ஃபேன் கிடையாது, ராத்திரி வீட்டில் திட்டு விழாது.

ஏன் இரண்டு என்கிறாயா? இரண்டுக்கும் நடுவே இரண்டு கேபிள் போடு. கொஞ்ச நேரத்தில் ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் பச்சைக்கு வராமல் ஆரஞ்சிலேயே நிற்கும். தகவல் வட்டமடித்துச் சுற்றாமல் இருக்க, சுவிட்சில் உள்ள ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு அதை அடைத்துவிட்டது. இப்போது ஓடுகிற கேபிளைப் பிடுங்கு. அடைபட்ட போர்ட் திறக்க லிஸனிங் என்ற நிலையில் 15 விநாடி, லேர்னிங் என்ற நிலையில் 15 விநாடி. பாக்கெட் ட்ரேசரில் நேரத்தைத் தள்ளிவிட ஒரு பட்டன் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் அமுக்குவோம். நிஜப் பெட்டி முன்னால் அந்த 30 விநாடியும் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒரு ஆபீஸே நெட் போச்சு என்று போன் போடுவதற்கு அது போதும். பிறகு ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வகையான ரேப்பிட் பிவிஎஸ்டிக்கு மாற்றி மறுபடி பிடுங்கிப் பார். கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

இன்னொன்று. ஸ்பானிங் ட்ரீயில் ஒரு சுவிட்ச் தலைவராகும், அதற்குப் பெயர் ரூட் (root). அதைத் தீர்மானிக்கும் பிரையாரிட்டி எண் மாற்றாவிட்டால் எல்லாவற்றிலும் 32768 என்றே இருக்கும், அப்போது மேக் முகவரி (பெட்டிக்கு ஃபேக்டரியில் தரும் எண்) சிறியதுதான் ரூட். பழைய பெட்டிக்குப் பெரும்பாலும் சிறிய மேக் என்பதால், ஊரிலேயே பழசானது தலைவராகிவிடும். (ஆபீஸ்களிலும் அப்படித்தானே!)

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நானும் வருகிறேன். வாங்கும் முன் கடையிலேயே கரண்ட் கொடுத்து, லேப்டாப்பிலிருந்து பெட்டியை இயக்கும் கன்சோல் கேபிளை மாட்டி, 9600 பாட் ரேட் வேகத்தில் புட்டி (PuTTY) சாஃப்ட்வேரைத் திறந்து, ஷோ வெர்ஷன், ஷோ ஃபிளாஷ் என்ற கமாண்டுகளை அடித்துப் பார்க்க வேண்டும். ஐஓஎஸ் ஃபைல் இல்லாத பெட்டியை யாராவது தலையில் கட்டிவிடுவார்கள். ஏதோ கம்பெனியின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் கவலைப்படாதே. மோடு பட்டனை அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடுத்து, கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்தால் போதும். அதுவே நல்ல பாடம். அப்புறம் விலான் டாட் டேட் (vlan.dat) ஃபைலையும் அழித்துவிடு. விலான் என்றால் ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க். இல்லாவிட்டால் அவர்களுடைய விலான்கள் உன் வீட்டில் குடியிருக்கும்.

சீரியல் கார்டு, சீரியல் கேபிள் என்று கடைக்காரர் ஆசை காட்டினால் அசையாதே. 200-301 என்ற எண்ணுள்ள உன் சிசிஎன்ஏ தேர்வில் அந்தச் சமாச்சாரமே இல்லை. கன்சோல் கேபிளை உன் லேப்டாப்பில் மாட்ட யூஎஸ்பி கன்வர்ட்டர் மட்டும் வேண்டும், அது என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

சனிக்கிழமையாகப் பார்த்து வா. ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதிக் கடைக்கு மேல் ஷட்டர்தான். சாப்பாடு நம் வீட்டில். எந்த ரயில் என்று முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
ரவி