முட்டி போன பிறகு பாவ்லோ சௌசா

அம்மாடி,

இனி ஆட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க உன்னைக் கூப்பிட்டதும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. "பாவம் பார்த்துக் கொடுக்கிற வேலை" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்ச்சுகல் கால்பந்து ஆட்டக்காரர் பாவ்லோ சௌசாவைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

விசேயு என்ற ஊரில் 1970இல் பிறந்தவர். 1989இல் ரியாத்தில் உலக இளையோர் கோப்பையை வென்ற போர்ச்சுகல் அணியில் இருந்தார். பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் என்று லிஸ்பனின் இரண்டு பெரிய கிளப்புகளிலும் ஆடிவிட்டு 1994இல் இத்தாலிக்கு, யுவென்டஸுக்குப் போனார். தடுப்பு ஆட்டக்காரர்களுக்கு முன்னால் நிற்பார். பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவார், அப்புறம் ஒரே தொடலில் பாஸ். அவர் ஓடி நான் பார்த்ததைவிட, தலையைத் திருப்பிப் பார்த்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு அவர் ஆட்டமே பிடிக்காது, "இந்த ஆள் என்னதான் செய்கிறார்?" என்பாள்.

அவர் போன முதல் வருடமே, ஒன்பது வருடங்களுக்குப் பிறகு யுவென்டஸ் இத்தாலிய லீக்கை வென்றது. 1996இல் ரோமில் அயாக்ஸைப் பெனால்டியில் தோற்கடித்து சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை. அந்தக் கோடையிலேயே அவரை ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த வருடம் மியூனிக்கில் அதே கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரில் அதே யுவென்டஸ். யுவென்டஸின் சிடானை டார்ட்மண்டின் லாம்பர்ட் நிழலாகத் தொடர, நடுக்களத்தில் பந்தை வாங்கி வாங்கிக் கொடுத்தது சௌசா. 3-1 என்று டார்ட்மண்டுக்கு வெற்றி. அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு வேறு கிளப்புகளோடு அந்தக் கோப்பையை வாங்கியவர் அதற்கு முன் பிரான்சின் டெசாய்லி ஒருவர்தான்.

அப்போது அவருக்கு 26 வயது. ஆனால் முட்டி ஏற்கெனவே தொல்லை கொடுக்க ஆரம்பித்திருந்தது. இன்டர், பார்மா, பனதினைகோஸ், எஸ்பான்யோல் என்று கிளப் மாறியதே தவிர பழைய ஆட்டம் திரும்பவில்லை. 31 வயதில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு ஐரோப்பியக் கோப்பை வாங்கியவர் பயிற்சியாளராக எங்கே தொடங்கினார் தெரியுமா? போர்ச்சுகலின் 16 வயதுக்குட்பட்ட பையன்களிடம். அப்புறம் இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. ஸ்வான்சீயில் 2009-10இல் ஏழாம் இடம், மேல் அடுக்குக்குப் போவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவிப் போயின. 46 ஆட்டத்தில் மொத்தமே 40 கோல்தான்; கட்டிக் காத்து ஆடுவது ஒரு திறமைதான், ஆனால் காசு கொடுத்துப் பார்க்க வந்தவன் பாடு கஷ்டம். அடுத்து லெஸ்டர்; 2010 அக்டோபர் தொடக்கத்திலேயே வெளியே.

பெயர் வந்தது இங்கிலாந்துக்கு வெளியேதான். இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவோடு 2014இல் லீக், பாசெலோடு 2015இல் சுவிஸ் லீக். அந்தப் பாசெல் அணி லிவர்பூலின் சொந்த மைதானத்திலேயே 1-1 என்று சமன் செய்து அவர்களை சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றியது. திரும்பிப் பார்த்துவிட்டுப் பாஸ் கொடுக்கிற அந்தப் பழக்கத்தைப் பதினொரு பேருக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. நான் சொல்ல வருவது அதுதான், அம்மாடி. முட்டியோடு போனது ஓட்டம். நீ மைதானத்தைப் பார்க்கிற விதம் முட்டியில் இல்லையே.

அவரை உத்தமர் என்று சொல்லவில்லை. 2021இல் போலந்து அணியின் பொறுப்பில் இருந்தார். உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளே-ஆஃப் மூன்றே மாதத்தில் இருக்கும்போது விட்டுவிட்டு பிரேசிலின் ஃபிளமெங்கோவுக்குப் போனார். ஜூனுக்குள் அங்கேயும் வேலை போயிற்று. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்தத் தொழிலில் பெட்டி எப்போதும் கட்டியே இருக்கும். அதையும் தெரிந்துகொண்டுதான் நீ போக வேண்டும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் கேள். பயிற்சியாளர் உரிமப் படிப்புக்கு அவர்கள் பணம் கட்டுவார்களா என்றும் கேள். கட்ட மாட்டார்கள் என்றால் சொல், நான் அனுப்புகிறேன். வீக்கம் வடிந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள், அவளுக்குத் தனியாக ஒரு போன் செய்.

அன்புடன்,
அப்பா