கரும்புகை வந்தாலே டர்போ போய்விட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பாதி சவாரி வால்பாறைக்குத்தான். 2014 மாடல் டீசல் கார், 1248 சிசி டர்போ என்ஜின் (டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்), மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வண்டியால்தான். சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததை எழுதினால் இன்னொரு ஓட்டுநரின் பணமாவது மிஞ்சும்.

ஆழியாறு வரை வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. அங்கிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவிலேயே பிக்கப் விழுந்துவிட்டது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாத அளவுக்குக் கரும்புகை. பைக்கில் குழந்தையோடு வந்த ஒரு தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரம் கட்டினார்கள். அந்தக் குழந்தை இருமியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒன்பதாவது வளைவில், அணை தெரியும் இடத்தில் நிறுத்தி, சவாரியை நண்பரின் வண்டியில் ஏற்றிவிட்டு மெதுவாக இறங்கினேன்.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0299 என்று ஒரு கோளாறு எண், அதாவது கோடு (code), வந்தது. "டர்போ போச்சுங்க, மாத்தியாகணும்" என்று 52,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பது மட்டும்தான் அந்தக் கோடுக்கு அர்த்தம். ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. எனக்கு அப்போது இது தெரியாது. அடகு வைக்க வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார் என் மனைவி.

கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று உள்ளூர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறக்கும் முன்பே, "புகை என்ன கலரு?" என்றார். கருப்பு என்றேன். "ஆயில் குறையுதா?" இல்லைங்க என்றேன். "சரி, அப்ப டர்போவ கடைசியா பார்ப்போம்." டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் ஆயில் எரிந்து நீலப்புகை வரும், டிப்ஸ்டிக்கில் அளவும் இறங்கும். என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, இல்லையென்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. கருப்பு என்றால் டீசலுக்குத் தக்க காற்று போகவில்லை. அந்தக் காற்று எங்கே தொலைகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும் என்றார்.

ஏர் ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது. அடுத்து டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியில் கையை விட்டுத் தடவினார். விரலெல்லாம் கருப்புப் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னை ரேஸ் பண்ணச் சொன்னார். உஸ்ஸென்று ஒரு சத்தம். இரண்டு அங்குலக் கிழிசல் மீன் வாய் மாதிரித் திறந்து நுரை தள்ளியது. காலை எடுத்ததும் மூடிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு போலத்தான் இருந்தது. உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்துவிடுகிறது, அதற்குத் தக்கபடி டீசலும் இறங்கிவிடுகிறது, காற்று மட்டும் வழியிலேயே ஓடிப்போகிறது. ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். மறுநாள் அதே மலையில் வண்டி பழையபடி ஏறியது.

இரண்டு வாரம் முன்புதான் இந்த வண்டி புகைப் பரிசோதனையில் தேறியிருந்தது. நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்க்கும் சோதனை அது. ஆள் ஏற்றி மலை ஏறும்போது விடும் புகை அதில் முழுசாகத் தெரியாது. அதனால் சான்றிதழ் இருக்கிறதே என்று யாரும் புகையோடு ஓட்ட வேண்டாம். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வைக் கரி அடைக்கும், விட்டுப்போன அழுத்தத்தைப் பிடிக்க ஓயாமல் சுற்றி டர்போவும் நிஜமாகவே தேய்ந்துவிடும்.

டர்போ, இன்ஜெக்டர் மாதிரிப் பெரிய பாகத்தை மாற்றச் சொல்லும் முன், என்ன கோடு வந்தது, எதையெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள் என்று தமிழில் எழுதிக் கொடுப்பதை ஒர்க்‌ஷாப்புகளுக்கு அரசு கட்டாயமாக்க வேண்டும். அப்படி ஒரு தாள் கையில் இருந்திருந்தால், ஹோஸைப் பார்த்தீர்களா என்று நானே கேட்டிருப்பேன். கிழிந்த அந்த ஹோஸை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். ஸ்டாண்டில் யார் வண்டி புகைந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், பொள்ளாச்சி