அப்பீல் போட்டால் உத்தரவு நின்றுவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தையைத் தாயிடமோ தந்தையிடமோ ஒப்படைக்கும்படி குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், 'அப்பீல் போட்டாச்சு' என்று சொல்லியே மாதக்கணக்கில் இழுத்தடிப்பது வாடிக்கையாகிவிட்டது. காவல் நிலையத்துக்குப் போனால், 'ஹைகோர்ட்ல கேஸ் இருக்கே, முடியட்டும்' என்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5ன்படி, மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பின் நிறைவேற்றம் நிற்காது. நீதிமன்றம் தனியே தடை கொடுத்திருக்க வேண்டும். எனவே எதிர்த்தரப்பு சி.எம்.ஏ. (உயர் நீதிமன்ற மேல்முறையீட்டு) எண்ணைக் காட்டினால் போதாது. தடை உத்தரவின் நகலைக் கேளுங்கள். எத்தனை வாரத்துக்குக் கொடுத்தார்கள், நீட்டித்தார்களா, குழந்தையைப் பார்க்கும் உரிமைக்கும் சேர்த்துத் தடையா என்று பாருங்கள். ஒப்படைப்பை மட்டும் நிறுத்திவிட்டு, வாரச் சந்திப்பைத் தொடரச் சொல்லும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

வென்றவர் தீர்ப்பு வந்த கையோடு சான்று நகலுக்கு மனுப் போட வேண்டும். அதே சட்டத்தின் பிரிவு 148ஏன்படி உயர் நீதிமன்றத்தில் கேவியட் ('என்னைக் கேட்காமல் உத்தரவிடாதீர்கள்' என்ற முன்மனு) போட்டுவைத்தால், அவருக்குத் தெரியாமல் தடை வாங்கிவிட முடியாது. கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள்தான். அடுத்தது, தீர்ப்பளித்த அதே குடும்ப நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு (ஈ.பி.). குழந்தையோடு வேறு மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டால் அங்குள்ள நீதிமன்றத்துக்கு உத்தரவை அனுப்பிவைக்கக் கேட்கலாம். தீர்ப்புக்குப் பின் 2 ஆண்டுக்கு மேல் சும்மா இருந்தால், முதலில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் என்று அதிலேயே காலம் ஓடும்.

பெரும்பாலும் ஈ.பி. சிக்குவது உத்தரவின் வாசகத்தில்தான். 'குழந்தையின் பொறுப்பு தாய்க்கு' என்று மொட்டையாக இருந்தால், உத்தரவை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா எதை நிறைவேற்றுவார்? எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் அழைத்துவர வேண்டும், பள்ளி மாற்றுச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் யார் கையில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நிறைவேற்றும் நிலையில் உத்தரவில் இல்லாததைச் சேர்க்க முடியாது. விசாரணையின்போதே இவற்றைக் கேட்டுவிடுவது வக்கீலின் வேலை.

மீறினால் என்ன? கட்டளை 21, விதி 32 பொருந்தும் வழக்கில் சொத்து ஜப்தி, உரிமையியல் சிறை வரை போகலாம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், பிரிவு 45ல் விதிக்கும் அபராதமோ 100 ரூபாய். தொடர்ந்து மீறினால் நாளுக்கு 10 ரூபாய். மொத்தம் 500ஐத் தாண்டாது. கோர்ட்டுக்கு வந்துபோகும் ஆட்டோ செலவுக்குக்கூட இது காணாது! குழந்தையைக் கொண்டுவர உறுதி தரும்வரை சிறையில் வைக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அதைக் கேட்கத்தான் மறந்துவிடுகிறார்கள். நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டுக் கெடு. அப்பீல் முடியட்டும் என்று காத்திருப்பவர் அதையும் கோட்டைவிடுவார்.

தோற்றவருக்கும் வழி இல்லாமல் இல்லை. மேல்முறையீட்டுக் காலம் முடியுமுன் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே குறுகிய காலத் தடை கேட்கலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பொதுத்தேர்வு என்றால் உத்தரவை மாற்றக் கோரி மனுப் போடலாம். குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் என்றைக்குமாக இறுதியானவை அல்ல என்று, சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானாகவே ஒரு தடை விதித்துக்கொள்ள மட்டும் யாருக்கும் உரிமையில்லை.

குழந்தை 'வரமாட்டேன்' என்று அழும்போது போலீசோடு பள்ளி வாசலில் போய் நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. நீதிமன்ற ஆலோசகரின் அறையில், இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு ஒப்படைக்கும்படி ஈ.பி.யிலேயே கேட்பது நல்லது.

பிரிவு 45ன் அபராதத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். தடை உத்தரவின் நகல் இல்லாமல் 'அப்பீல் இருக்கிறது' என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது எனக் காவல் துறைத் தலைமை இப்போதே சுற்றறிக்கை விடலாம்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை