தேர்தலில் தோற்ற பக்கம் நின்ற மகனுக்கு

அன்புள்ள தம்பி,

ஓட்டு எண்ணி முடிந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை என்பது போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது. முதலில் தூங்கு. இரண்டு நாளைக்கு வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதே. ஜெயித்தவர்களின் பட்டாசு வீடியோவும், நம் ஆட்களின் "மெஷின்ல கோளாறு" பேச்சும் புண்ணை ஆறவிடாது.

மெஷின் மேல் உனக்கே சந்தேகம் இருந்தால் காகிதத்தை வைத்துத் தீர்த்துக்கொள். ஓட்டுப்பதிவு முடிந்ததும் நம் பூத் ஏஜென்ட்டுகள் வாங்கிய, சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவ நகல்களையெல்லாம் இந்த வாரமே சேகரித்துவிடு, விட்டால் கிடைக்காது. அதிலுள்ள மொத்த ஓட்டும், சாவடிவாரியாக முடிவைச் சொல்லும் படிவம் 20-ல் அந்தச் சாவடிக்குக் காட்டும் மொத்தமும் ஒத்துப்போகிறதா பார். நோட்டாவைச் சேர்க்க மறக்காதே. கணக்கு உதைத்தால் உடனே மோசடி என்று முடிவு கட்டாதே. காலையில் மெஷினைச் சரிபார்க்கப் போட்ட சோதனை ஓட்டுகளை அழிக்காமல் விட்டாலும் உதைக்கும்.

நாள் கணக்கு முக்கியம். மறு எண்ணிக்கை வேண்டுமானால் முடிவை அறிவிக்கும் முன்பே தேர்தல் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அது போய்விட்டது. மெஷினைச் சோதிக்கக் கேட்பதென்றால் 7 நாளுக்குள், இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் மட்டும், பணம் கட்டி. உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட 45 நாள்.

ஆனால் வழக்கில் மனசைக் கட்டிப்போட்டுவிடாதே. ராதாபுரம் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தலில் திமுகவின் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். தபால் ஓட்டுகளைச் செல்லாதென்று தள்ளியதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2019-ல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. 2021-ல் அதே தொகுதியில் நின்று ஜெயித்து, சபாநாயகரும் ஆனார். காமராஜரே 1967-ல் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றவர்தானே. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போனார்.

மனசு கொஞ்சம் அடங்கியதும் படிவம் 20-ஐச் சாவடி சாவடியாகப் படி. போன தேர்தலோடு ஒப்பிடும்போது எச்சரிக்கையாக இரு: சாவடியைப் பிரித்திருந்தால் எண்கள் மாறியிருக்கும், தெருப் பெயரை வைத்துத்தான் பொருத்த வேண்டும். எங்கே ஓட்டுப்பதிவே குறைந்தது, எங்கே பதிவு நன்றாக இருந்தும் நமக்கு விழவில்லை என்று இரண்டாகப் பிரி. முதல் வகையில் நம் ஆட்கள் வீடு வீடாகப் போகவில்லை. இரண்டாவது வகையில் போயும் ஜனங்கள் ஏற்கவில்லை. இதுதான் அதிகம் வலிக்கும்; இதைத்தான் நீ அதிக நேரம் பார்க்க வேண்டும்.

அன்றைக்குப் பொழுதெல்லாம் சாவடியில் உட்கார்ந்திருந்தவர்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. பட்டியலில் பேர் இல்லையென்று திரும்பிப் போனவர்கள் யார் யாரென்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படித் திரும்பிப் போனவர்களுக்கெல்லாம் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவம் 6 எழுதிக் கொடு. 18 வயது கணக்கிட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று வருஷத்தில் நாலு தேதி இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் வரும் வரை காத்திருக்காதே.

அன்புடன்,
அம்மா