மாதிரிக் கார்களின் வயர்களை அளவாக வெட்டப் பழக்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளுக்கு ரிமோட் கார் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும், அவற்றைத் தாமே கழற்றிப் பூட்டும் இளைஞரும் தங்கள் பத்திரிகையின் வாசகர்களில் பலர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். இந்தக் கார்களின் மேல்மூடியை எடுத்துப் பார்த்தால், மிஞ்சிய வயரைச் சுருட்டி, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கி, கிடைத்த இடுக்கில் திணித்திருப்பதையே பெரும்பாலும் காண்கிறோம். வயர்களை அளவுக்கு வெட்டிச் சீராக அமைப்பது வெறும் அழகுக்கான வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வாகனம் எத்தனை காலம் பழுதின்றி ஓடும் என்பதே இதில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முன் சக்கரங்களைத் திருப்பும் சேர்வோவும், மோட்டாருக்குச் செல்லும் மின்னை அளவிட்டுக் கொடுக்கும் வேகக் கட்டுப்படுத்தியும் எந்த வாகனத்தில் பூட்டப்படும் என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது. ஆகவே பத்து சென்ரிமீற்றர் போதுமான இடத்துக்கும் முப்பது சென்ரிமீற்றர் வரை நீளமான வயரோடு அவை வருகின்றன. மிஞ்சும் நீளம் சும்மா கிடப்பதில்லை. கார் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுருள் சிறிது அசைந்து, ஒருநாள் பெரிய பற்சக்கரத்தின் ஓரத்தைத் தொடுகிறது. காப்புறை மெல்ல உரிந்து, உள்ளிருக்கும் மயிர் போன்ற செப்பிழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே பார்த்தால் வயர் முழுதாகவே தெரியும். கார் மட்டும் ஓடும்போது நின்று, கையில் எடுத்ததும் மீண்டும் இயங்கும். இப்படிப்பட்ட பழுதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம்.

வயரைக் குறைத்தால் வேகம் கூடும் என்றொரு பேச்சு இளைஞர்களிடையே உண்டு. அதை நம்பி வெட்டுவதில் பயனில்லை. 12 கேஜ் (தடிப்பு எண்) கொண்ட தடித்த வயரில், போக்குக்கும் வரவுக்குமாக 20 சென்ரிமீற்றரைக் குறைத்தாலும், 50 அம்பியர் பாயும்போது மிச்சமாவது ஏறத்தாழ 0.05 வோல்ற் மட்டுமே. உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. வேகக் கட்டுப்படுத்தி ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. பற்றரிக்கும் அதற்கும் இடையிலுள்ள வயர் நீளமானால் அதன் தூண்டுதிறன் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) கூடி, ஒவ்வொரு முறை மூடும்போதும் மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளலைத் தாங்கும் சுமை முழுவதும் கட்டுப்படுத்தியின் உள்வாயிலில் மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகளின் மீது விழுகிறது. எனவே பற்றரிப் பக்கத்து வயர் குட்டையாக இருக்கட்டும். இடம் போதாமல் எங்காவது நீளம் விட்டே ஆகவேண்டுமென்றால், அதை மோட்டார் பக்கத்தில் விடுவதே நல்லது.

எல்லா வயரையும் ஒரே கண்ணோடு பார்த்து வெட்டிவிடவும் கூடாது. ரிமோட்டின் சைகையைப் பெறும் பாகமான வாங்கியிலிருந்து வரும் அன்ரனாவைத் தொடவே கூடாது. 2.4 கிகாஹேட்ஸ் வாங்கியில், நுனியில் உறையின்றி இருக்கும் ஏறத்தாழ 31 மில்லிமீற்றர் துண்டு அலைநீளத்தின் காற்பங்கு. அதை நறுக்கினால் கட்டுப்பாட்டுத் தூரம் குறையும். பழைய 27 மெகாஹேட்ஸ் கார்களின் நீண்ட அன்ரனாவும் அப்படியே, வாங்கியின் சுற்றோடு இசைவிக்கப்பட்டது. சில பிரஷ்லெஸ் (தூரிகையில்லா) மோட்டார்களில் வெளியே வரும் மூன்று வயர்களும் உட்சுருளின் நீட்சியே. வெட்டிய இடத்தில் ஒவ்வோர் இழையிலும் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டி நீக்காமல் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) பிடிக்காது. சேர்வோ, தொங்கல் (சஸ்பென்ஷன்) போன்ற அசையும் பாகங்களை முழுத் தூரம் திருப்பியும் அமுக்கியும் பார்த்து, அதற்கும் சற்று மேலாகத் தளர்வு விட்ட பின்னரே அளவைக் குறிக்க வேண்டும்.

பற்றாசு வைக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் செய்த நல்ல வேலை கெடுவது இங்கேதான். தடித்த வயருக்குச் சிறிய பற்றாசுக்கோல் உதவாது. அது சூடேற்றத் திணறும் நேரத்தில் காப்புறையும் இணைப்பியின் பிளாஸ்டிக்கும் உருகிவிடும். 60 வாற்றுக்குக் குறையாத கோலும், அகன்ற நுனியும், ரோசின் (மரப்பிசின்) அடங்கிய பற்றாசும் வேண்டும். தகரவேலைக்கு விற்கும் அமிலக் களிம்பைப் பயன்படுத்தினால், கொழும்பின் உப்புக் காற்றில் செப்பிழைகள் உறைக்குள்ளேயே அரித்துப்போகும். சூட்டில் சுருங்கும் குழாயை இணைப்பதற்கு முன்னரே வயரில் கோத்துவிட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. அதில் படிக்கும் நம் மாணவர்களுக்கு மாதிரிக் காரொன்றைப் பிரித்து, அளந்து, வெட்டி, பற்றாசு வைத்துப் பூட்டுவதைவிட நல்ல செய்முறை எளிதில் கிடைக்காது. பாடசாலைகளின் தொழில்நுட்ப, விஞ்ஞான மன்றங்கள் ஒரு பழைய காரை வைத்தே இதைத் தொடங்கலாம். புறக்கோட்டையில் வயர் விற்கும் வர்த்தகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: சிலிக்கோன் உறை வயரைத் தடிப்பு எண் குறித்து, வேண்டிய அளவுக்கு வெட்டித் தந்தால், ஒரு துண்டுக்காக முழுச்சுருளை வாங்கும் சிரமம் மாணவர்களுக்கு இராது.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் இவ்வேலையைப் படங்களுடன் வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும். அவ்வாறு வெளியிடும்போது ஓர் எச்சரிக்கையை முதலிலேயே பெரிய எழுத்தில் இடும்படி கேட்டுக்கொள்கிறேன்: லிதியம் பொலிமர் பற்றரியின் இரு வயர்களையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாது, கத்தரியின் அலகே இரண்டையும் இணைத்துக் குறுஞ்சுற்றாக்கிவிடும். ஒன்றை வெட்டி, இணைத்து, உறையிட்டு முடித்த பின்னரே மற்றதைத் தொட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.