தமிழில் கேம் செய்தி சொல்லும் தம்பி தங்கைகளுக்கு, காட்பாடியிலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

ராக்ஸ்டார் கம்பெனியின் ஜிடிஏ 6 கேம் எப்போது வரும் என்று நீங்கள் எல்லோரும் போட்ட வீடியோக்களை வரிசையாக உட்கார்ந்து பார்த்தால், அந்த நேரத்தில் ஜிடிஏ 5-ஐ இரண்டு தடவை முடித்துவிடலாம். நடந்தது என்னவோ மூன்றே வரி. 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தபோது 2025 என்றார்கள். 2025 மே மாதம், 2026 மே 26 என்றார்கள். அந்த வருஷ நவம்பரில் அதையும் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். தேதி பற்றிக் கம்பெனி சொன்னதில் முக்கியமானது அவ்வளவுதான். நடுவில் வாரம் தவறாமல் "தேதி உறுதி!" என்று சிவப்பு அம்புக்குறியும் பிளந்த வாயுமாகத் தம்ப்நெயில் போட்டது நீங்கள்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தமிழில் இதைச் சொல்ல ஆளே இல்லாத காலத்தைப் பார்த்தவன் நான். பிரவுசிங் சென்டரில், நாலு எழுத்து மட்டும் தேய்ந்துபோன கீபோர்டில் பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடிய தலைமுறை எங்களுடையது. சென்டர் அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட் போய் சிடி வாங்கி வந்தால்தான் புது கேம் வந்த சங்கதியே தெரியும். இன்றைக்கு ஜெர்மனியின் கொலோனில் கேம்ஸ்காம் கண்காட்சி மேடையில் காட்டியது மறுநாள் காலைக்குள் குடியாத்தத்துப் பையனுக்குத் தமிழில் போய்ச் சேர்கிறது என்றால், அது உங்கள் உழைப்பு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டிவிக்காரர்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?

அமெரிக்காவின் ஈ3 கேம் கண்காட்சி ஏன் செத்தது என்று நீங்கள் யாராவது நிதானமாகப் பேசியிருந்தால் எனக்கு லிங்க் அனுப்புங்கள். 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது, ஆட்கள் கூடிக் கடைசியாக நடந்தது 2019-இல், 2023 டிசம்பரில் இனிமேல் கிடையாது என்று மூடிவிட்டார்கள். கொரோனா ஒரு காரணம்தான். அதற்கு வெகு முன்பே, 2011-இல், ஜப்பானின் கேம் கம்பெனி நிண்டெண்டோ தன் அறிவிப்புகளைத் தானே வீடியோவாக வெளியிட ஆரம்பித்துவிட்டது. 2019 ஈ3-க்கு, பிளேஸ்டேஷன் செய்கிற சோனி வரவே இல்லை. ரசிகனிடம் நேராகப் பேசிக்கொள்ளலாம் என்றானபின், நடுவில் கேள்வி கேட்கிற பத்திரிகைக்காரன் எதற்கு? ஈ3-யிலும் ஆயிரம் பித்தலாட்டம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒருத்தன் வரிசையில் நின்று, பத்து நிமிஷம் ஆடிப் பார்த்துவிட்டு, "மேடையில் காட்டியது வேறு, இங்கே இருப்பது வேறு" என்று எழுத அங்கே இடம் இருந்தது. இப்போது வருவது மெருகேற்றிய விளம்பரப் படம். அதை எடுத்து, மூலையில் உங்கள் முகத்தை ஒட்டி, "வேற லெவல்" என்று நீங்கள் வெளியிட்டால், சம்பளம் இல்லாமல் அவர்களுக்கு வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

சைபர்பங்க் 2077 கேமை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஈ3 மேடைக்கு ஹாலிவுட் நடிகர் கீனு ரீவ்ஸ் வந்ததும் அரங்கமே அலறியது. கேம் வந்தது 2020 டிசம்பர் 10. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். அவர்கள் ஆடிப் பதிவு செய்த காட்சியையும் வெளியீட்டுக்கு முன் காட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. பழைய பிளேஸ்டேஷனான பிஎஸ்4-இல் கேம் ஒழுங்காக ஓடவில்லை. அதில் வாங்கியவன் பாடு என்ன? வெளியாகி ஒரு வாரம் போல ஆனதும் சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடி கடைக்கு வர 2021 ஜூன் ஆனது. பிறகு சரிசெய்தார்கள், இன்று அருமையான கேம், மறுப்பே இல்லை. ஆனால் முதல் நாள் வாங்கியவன் டிரெய்லரை நம்பித்தானே வாங்கினான். எங்கள் ஊரில் ஒரு பிஎஸ்5 கேமுக்கு ஐயாயிரம் ரூபாய் என்பது பலருக்குப் பத்து நாள் சம்பளம். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாதா என்ன?

விழாவில் ரசிகன் கையில் மைக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிளிஸார்ட் கம்பெனி தன் ரசிகர்களுக்கு நடத்திய 2018 பிளிஸ்கான் ஒன்று போதும். பிசியில் பேர் வாங்கிய டயாப்லோ வரிசையின் புது கேம், டயாப்லோ இம்மார்ட்டல், போனுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். ஒருத்தர் எழுந்து, இது ஏப்ரல் ஃபூல் ஜோக்கா என்று கேட்டார். பிசிக்குக் கொண்டுவரும் திட்டம் இல்லை என்றதும் கூட்டம் கூச்சல் போட்டது. மேடையில் இருந்தவர், உங்களிடம் எல்லாம் போன் இல்லையா என்று திருப்பிக் கேட்டு மாட்டிக்கொண்டார். (இந்தக் கேள்வியை வேலூரில் கேட்டிருந்தால் கைதட்டு வாங்கியிருப்பார். இங்கே முக்கால்வாசிப் பேருக்குப் போன்தான் பிசி, போன்தான் பிளேஸ்டேஷன்.) கேலி இருக்கட்டும். காசு கொடுத்து உள்ளே வந்த ஒருத்தன், கம்பெனி முகத்துக்கு நேரே கேட்டான். அது செய்தி.

சரி, நம்ம பக்கம் வருவோம். 2024 பிப்ரவரியில்தான் காமிக்ஸ், கேம் ரசிகர்கள் கூடுகிற காமிக் கான் விழா முதல்முறையாகச் சென்னைக்கு வந்தது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு. சின்னதும் பெரிதுமாக வேறு விழாக்களும் நடக்கின்றன. பெயர் வேண்டாம், அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். பாதி ஸ்டால் டி-ஷர்ட். ஆடிப் பார்க்க வைத்திருந்த மெஷின்களுக்கு முன்னால் அனுமார் வால் மாதிரி வரிசை. மேடையில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்கிற குறைதான், விடுங்கள்.

என் கூட வந்தவன் ஆம்பூர்த் தம்பி. ஷூ கம்பெனியில் வேலை. காஸ்பிளே, அதாவது கேம் பாத்திரம் மாதிரி வேஷம் கட்டுவது, அதற்கான கவசத்துக்கு உலகம் முழுக்க ஈவா ஃபோம் என்கிறார்களே, அது செருப்பு சோலுக்குப் போடுகிற அதே ஈவா ஷீட்தான். மற்றவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரவழைப்பது, இவனுக்கு வெட்டி மிஞ்சிய துண்டாகக் கிடைக்கிறது. ஹீட் கன்னால் சூடு காட்டி, முழங்கால்மேல் வைத்து வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தால் தோள் கவசத்தின் வளைவு நிற்கும். ஒட்டுவதற்கு ஷூவுக்குத் தடவுகிற அதே சொல்யூஷன். இரண்டு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் வெயிலில் வாய் பிளந்துவிடும். பெயின்ட் அடிக்கும் முன் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பூசாவிட்டால் ஃபோம் பெயின்டை எல்லாம் குடித்துவிடும். இத்தனையும் கம்பெனி முடிந்து ராத்திரியில் செய்தது. பெட்டியில் அடங்காததால் பாதியை உடம்பில் மாட்டிக்கொண்டே ரயிலில் வந்தான். காட்பாடியில் ஏறிய ஒரு பாட்டி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மயானக் கொள்ளைக்கு இன்னும் நாள் இருக்கேப்பா, அதுக்குள்ள வேஷம் கட்டிட்டியா?" என்றார்.

விழாவில் உங்கள் ஆட்கள் இவனைச் சுற்றிக்கொண்டார்கள். "என்ன கேரக்டர் ப்ரோ? ஒரு போஸ் குடுங்க ப்ரோ." போய்விட்டார்கள். எதில் செய்தாய், யாரிடம் கற்றாய், எவ்வளவு செலவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாட்டி கேட்ட அளவுக்குக்கூடக் கேட்கவில்லை.

வெண்பா என்று ஒரு கேம், 2023 ஜூலையில் வந்தது. டொரான்டோவின் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று நாமே யோசித்து அடுக்க வேண்டும். 2024-இல் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. ஒரு தமிழ் வீட்டு அடுப்படியை வைத்துச் செய்த கேம் லண்டனில் பரிசு வாங்குகிறது, நான் பார்க்கும் சேனல்களில் அன்றைக்கும் ஜிடிஏ 6 மேப் கசிவுதான் ஓடியது.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டம் தடை செய்தது காசு கட்டி ஆடுவதை. கேமைப் போட்டியாக ஆடுகிற இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் அங்கீகரிக்கிறது. டிவியில் "ஆன்லைன் கேமுக்குத் தடை" என்று ஓடியதும், எங்கள் தெருவில் ஓர் அம்மா பையன் போனிலிருந்து செஸ் ஆப்பைக்கூட அழிக்க வைத்தார். ரம்மி வேறு, மைன்கிராஃப்ட் வேறு என்று அந்த அம்மாவுக்குப் புரிகிற தமிழில் அஞ்சு நிமிஷம் பேசத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். நிருபர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

எனவே கேட்பது இதுதான். வதந்தியை வதந்தி என்று சொல்லுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். ஆடிப் பார்க்காத கேமை வாங்கச் சொல்லாதீர்கள். நாலு ஜிபி ராம் போனில் ஓடுமா என்று ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். விழாவுக்குப் போனால் மைக்கை ஸ்டால்காரரிடம் நீட்டி, ஏன் தமிழில் இல்லை, ஏன் இந்த விலை என்று கேளுங்கள். வியூஸ் குறையும் என்பீர்கள். கொஞ்சம் குறையலாம்.

ஆம்பூர்த் தம்பி அடுத்த கவசத்தைத் தொடங்கிவிட்டான், இந்தத் தடவை தோள் வளைவை வேறு மாதிரி செய்கிறான். கேமராவோடு வருவதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் அவனுக்குக் கம்பெனி இருக்கிறது.

இப்படிக்கு,
காட்பாடிக் கேமர் ஒருவன்