சீர் பைன் அந்நிய மரமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உத்தரகண்ட் காட்டுத்தீயைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, சீர் பைனை 'ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட வெளிநாட்டு மரம்' என்று குறிப்பிட்டிருந்தது. கொடைக்கானலில் நாம் பார்த்துப் பழகிய பைன் மரங்கள் மெக்சிகோவைச் சேர்ந்தவை என்பதால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் எதுவும் இல்லை. ஆனால் சீர் பைன், ஏறத்தாழ 500 முதல் 2,000 மீட்டர் உயரம் வரையுள்ள இமயமலைச் சரிவுகளின் சொந்த மரம். வடமொழியில் அதன் பெயர் சரளம். யானைகள் கன்னத் தினவு தீர உராய்ந்த சரள மரங்களிலிருந்து பால் வடிந்து மலைமுகடுகள் மணத்ததாகக் காளிதாசன் குமாரசம்பவத்தில் பாடியிருப்பது ஆங்கிலேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய சான்றாகும்.

தண்டவாளக் கட்டைக்கும் பிசினுக்கும் உதவும் என்று கண்டு, வனத்துறையைக் கொண்டு இம்மரத்தைக் காத்துப் பெருக்கியதே ஆங்கிலேயர் செய்தது. 1921இல் வனச் சட்டங்களை எதிர்த்து, இன்றைய உத்தரகண்டிலுள்ள குமாவுன் பகுதி மக்கள் தீயிட்டவை பெரும்பாலும் இந்தக் காடுகளே என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

தீயைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் தவறில்லை. மூன்று மூன்றாகச் சேர்ந்து, சாண் நீளத்திற்கு வளரும் ஊசியிலைகள் கோடையில் உதிர்ந்து மெத்தைபோல் கிடக்கும். பணி நிமித்தம் அங்கிருந்த நாளில், எண்ணெய் கொட்டிய தரையில் வழுக்குவதுபோல் நானே அவற்றின்மேல் இருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். பிசின் கலந்த அச்சருகு நொடியில் பற்றிக்கொள்ளும். செங்கல் அடுக்கியதுபோல் தடித்து வெடித்த பட்டை இருப்பதால், முதிர்ந்த மரம் மட்டும் தரையோடு ஓடும் தீயைத் தாங்கி நின்றுவிடும்.

அங்குள்ளோர் 'பிரூல்' என்றழைக்கும் அச்சருகைத் தொழுவத்தில் பரப்பிச் சாணத்தோடு மட்கவைத்து எருவாக்குகிறார்கள். இப்போது எரிகட்டிகளாகவும் அழுத்துகிறார்கள். அடிமரத்தைக் கீறிக் குவளையில் பிடிக்கும் பிசினைக் காய்ச்சினால் டர்பன்டைன் ஆவியாகப் பிரிந்து, ரோசின் அடியில் தங்கும். பிடில் வில்லில் தேய்ப்பதும், ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் பற்றவைக்கத் தொட்டுக்கொள்ளும் பழுப்புக் கட்டியும் இந்த ரோசின்தான்.

எனவே அடுத்த தீச்செய்தியிலேனும் 'வெளிநாட்டு மரம்' என்ற சொல்லை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.